ஈரத்தலை

என் அக்கா நர்மதா தலைக்குக் குளித்துத்தான் செத்தாள் என்று வேலந்தாவளத்தில் இன்றும் சொல்கிறார்கள். அவள் டெங்குக் காய்ச்சலில் செத்தாள். ஐந்தாம் நாள் ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கி, ஆறாம் நாள் விடியுமுன் போய்விட்டாள். கூடவே இருந்தவள் நான்.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவளுக்குத் தலைவலி தொடங்கியது. வலது புருவத்துக்கு மேலே பிடிக்கும். கண்ணில் நீர் வழியும், மூக்கு அடைக்கும். அப்புறம் வாந்தி. கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் கிடப்பாள். டாக்டர் சைனஸ் என்றார். மாமியார் மயிலாத்தாள் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நொச்சித் தழை பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தவள் நானேதான். ஆவி பிடித்தாள். சுக்குப் பற்றுப் போட்டுப் போட்டு நெற்றித் தோல் கறுத்தது. தயிர் கூடாது. மார்கழியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது காதைக் கட்டிக்கொள்ளாமல் வாசலுக்கு வரக்கூடாது. தலைக்குக் குளிப்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, உச்சி வெயிலில், வெந்நீரில். குளித்ததும் மயிலாத்தாளே உட்காரவைத்து, முடி காயும்வரை சாம்பிராணி போடுவார். பொழுது சாய்வதற்குள் வலி வந்துவிடும். தலையில் தண்ணீர் பட்டதன் வினை என்று அடுத்த குளியல் இன்னும் தள்ளிப்போகும். இப்படிப் பத்து வருடம்.

கடைசியில் மூக்கெலும்பை அறுவை செய்யத் தேதி குறித்தார்கள். அதற்குமுன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று பாலக்காட்டில் டாக்டர் அன்னமேரியிடம் கூட்டிப்போனேன். அவர் ஸ்கேனைப் பார்த்தார். சைனஸ் அறைகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. வலிக்கும்போது வெளிச்சம் ஆகாதா, சத்தம் ஆகாதா, சளி மஞ்சளாக வருமா, தண்ணீராக வருமா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். எங்கள் அம்மா மாதம் இரண்டு நாள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிப் படுத்திருந்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இது மைக்ரேன் என்றார். அந்த வலியைச் சுமக்கும் நரம்புதான் முகத்திலும் ஓடுகிறது. அதனால்தான் மூக்கு அடைக்கிறது, கண்ணில் நீர் வருகிறது. சைனஸ் என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் என்றார். அறுவை வேண்டாம், மாத்திரை தருகிறேன், வலி வரும் நாளையும் அன்று செய்ததையும் குறித்து வாருங்கள் என்றார்.

வீட்டில் மயிலாத்தாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூக்கு அடைக்குது, கண்ணுல தண்ணி ஊத்துது. நீர் கோக்காம என்னவாம்? அந்த டாக்டரம்மா நம்மூட்டுக் கெணத்துத் தண்ணியக் கண்டாளா?"

"வலிக்கறது நரம்புங்கத்தை," என்றாள் அக்கா. "மூக்கு தொணைக்கு அழுவுது."

நாலு மாதம் காலண்டர் தாளில் குறித்தாள். சாப்பாட்டு நேரம் தவறிய நாட்களில் வலி வந்திருந்தது. தூக்கம் கெட்ட நாட்களிலும் வந்திருந்தது. சாம்பிராணி போட்ட ஒவ்வொரு நாளும் தப்பாமல் வந்திருந்தது. மயிலாத்தாள் வெளியூர் போயிருந்தபோது சாம்பிராணி போடாமல் தலைக்குக் குளித்த நாட்களில் வரவில்லை. தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை, புகைதான் செய்தது. தெரிந்த அன்றே தூபக்காலை எடுத்துப் பரண்மேல் போட்டாள். வாரம் இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்தாள், ஈர முடியை விரித்துப்போட்டுக்கொண்டு தென்னந்தோப்பில் நடந்தாள். மாதம் எட்டு முறை வந்த வலி இரண்டானது. அந்த இரண்டுக்கும் மயிலாத்தாள், "பாத்தியா கண்ணு, நாஞ் சொன்னேனல்ல," என்பார். "மிச்சம் ஆறு எங்க போச்சுன்னு கேளுங்கத்தை," என்பாள் இவள்.

இரண்டு வருடம் அப்படி இருந்தாள். காய்ச்சல் கண்டதற்கு முதல்நாளும் தலைக்குக் குளித்திருந்தாள். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

எடுப்பதற்குமுன் குளிப்பாட்டக் கிணற்றடியில் சேலை மறைப்புக் கட்டி அவளைக் கிடத்தினோம். அக்காவின் கணவர் பிரதீப் மச்சான் வெளியே நின்று தண்ணீர் சேந்திக் கொடுத்தார். நான் முதல் குடத்தைத் தூக்கியதும் மயிலாத்தாள் என் கையைப் பிடித்தார்.

"தலைக்கு வேண்டாஞ் சாமி. துணியில தொடச்சு உடு. அவளுக்கு ஆவாது."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மனதாரச் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். ஆனால் நான் துடைத்துவிட்டிருந்தால் ஊர் சொன்னதற்கு நானும் ஆமாம் போட்டதாக ஆகியிருக்கும். அவள் பிடிவாதம்தான் அவளைக் கொன்றது என்று அவள் உடம்பின் மேலேயே எழுதிக்கொடுத்ததாக ஆகியிருக்கும்.

"அக்கா தலைக்குத்தான் ஊத்திக்குவா," என்றேன். "கைய உடுங்கத்தை."

"சனம் என்ன பேசும்?"

"பேசட்டுங்க. நான் இங்கயேதான் இருப்பேன். எங்கிட்ட வந்து பேசட்டும்."

கை விலகியது. உச்சந்தலையில் ஊற்றினேன். பத்து வருடம் அவளுக்கு மறுத்த கிணற்றுத் தண்ணீர், முடிக்குள் இறங்கிக் கழுத்தில் வழிந்தது. குடம் காலியானபோது சேலைக்கு அந்தப் பக்கமிருந்து மச்சானின் குரல் கேட்டது. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் இந்தப் பேச்சில் வாயே திறக்காத மனிதர்.

"வனிதா, இன்னும் ரெண்டு கொடம் வருது. ஊத்து."

ஊற்றினேன். வாசலில் கிடத்தியபோது யாரோ பரணிலிருந்து தூபக்காலை எடுத்துவந்து தலைமாட்டில் புகையவிட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போய்த் தொழுவத்துக்குப் பின்னால் கவிழ்த்தேன். கை சுட்டது. தடுக்க ஒருவரும் எழவில்லை.

முடியை நாங்கள் துவட்டவில்லை. ஈரத்தலையோடுதான் அவள் அந்த வீட்டை விட்டுப் போனாள்.