செல்லக்கிளியின் சால்

புழுக்கிய நெல்லைக் களத்தில் பரப்பினால் ஆவி அடங்குவதற்குள் கால் வைக்க வேண்டும். ஆறின பிறகு யார் வேண்டுமானாலும் துழாவலாம். சூட்டில் துழாவுவதுதான் வேலை. உறையூருக்கு மேற்கே, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் இருந்த அந்த அரிசி ஆலையில் முதல் காலை வைப்பவள் எப்போதும் செல்லக்கிளிதான். பாதத்தைத் தூக்காமல் நெல்லுக்குள் செலுத்தி இழுத்துக்கொண்டே போவாள். அடிநெல் மேலே வரும், மேல்நெல் அடியில் போகும், அவளுக்குப் பின்னால் இரண்டு சால் விழும். நூல் பிடித்தமாதிரி விழும். நெல் விற்க வந்த மிராசுதார்களைக்கூட மேஸ்திரி ராசப்பன் கூப்பிட்டுக் காட்டுவார். "பாருங்க, ஏர் பூட்டினாக்கூட இப்படி வராது" என்பார். அவள் கால்களைப் பற்றி அவருக்கு அப்போதெல்லாம் பெருமைதான்.

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அது ராசப்பனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

சர்க்கார் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தது. ஆலையில் வேலை செய்கிறவள் பிள்ளை பெற்றால், வேலைக்கு வராத நாட்களுக்கும் முதலாளி படி கொடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். முதலாளியும் அதற்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டார். பிள்ளை பெறப்போகிறவள் எவளும் ஆலையில் இல்லாதபடி செய்தார். வயிறு தெரிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செல்லக்கிளியின் புருஷன் மருதையும் அதே ஆலையில் மூட்டை தூக்கியவன்தான். ஆடி மாதம் மூட்டை அடுக்கு சரிந்து அவன் முழங்கால் போயிற்று. வீட்டுக்குள் நகர்ந்து நகர்ந்து அவன் உலை வைப்பான். உலையில் போட அரிசி இவள் நடந்தால்தான் வரும்.

மசக்கை தீர்ந்து பசி பிடித்துக்கொண்டது. ஆவி பறக்கும் நெல் வாசனைக்கே வாயில் நீர் ஊறியது. யாரும் பார்க்காதபோது நாலு நெல்லை உமி நீக்கி மென்றுகொள்வாள். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும், மெட்டி இறுகும். குனிந்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். ஆனால் நடக்கும்போது ஒன்றுமில்லை. நடக்க நடக்க இடுப்புவலிகூட விட்டுக்கொடுத்தது. வைகாசி வெயிலில் களத்தைச் சுற்றி வந்தவளுக்குப் புரட்டாசி வெயில் ஒரு பொருட்டா?

அவள் சொல்லாமலே கண்டுபிடித்தவள் இருதயமேரி. தலை நரைத்தவள், அந்தக் களத்திலேயே மூத்தவள்.

"குந்திக்கிட்டே இருக்காத புள்ள. நடக்குற ஒடம்புக்குக் கொழந்தை நழுவிக்கிட்டு வரும். எம்புள்ளைங்க எல்லாத்தையும் இந்தக் களத்துல நடந்துதான் பெத்தேன்."

"மேஸ்திரி கண்ணுல பட்டுட்டா என்னக்கா பண்றது?"

"பட்டாத்தானே. பொடவையத் தூக்கிச் செருவு. கூடைய இடுப்புக்கு முன்னால பிடி."

செல்லக்கிளி புடவையை உயர்த்திக் கட்டினாள், முந்தானையைத் தொளதொளவென்று விட்டாள், மேஸ்திரி வரும் பக்கம் கூடையைப் பிடித்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தைதான், ஆனாலும் மறைத்தாள். காலை மறைக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்கும் தோன்றவில்லை, இருதயமேரிக்கும் தோன்றவில்லை.

அவிக்கும் தொட்டி மேடைமேல் நின்று களத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ராசப்பனுக்குத்தான் அது பட்டது. நூல் பிடித்த அந்த ஜோடிச் சால்கள் விலகியிருந்தன. நடுவில் ஒரு முறத்தை வைக்கலாம் போலிருந்தது. அவர் இறங்கி வந்தார்.

"இது யாரு சாலு?"

இருதயமேரி நிமிராமலே, "என்னுதுங்க மேஸ்திரி. முட்டி வலி, கால் அகண்டு போவுது" என்றாள்.

"நீ அந்தப் பக்கம்ல துழாவிக்கிட்டு இருந்த?"

"வலி அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னா பாக்குது?"

பெண்கள் சிரித்தார்கள். ராசப்பன் சிரிக்கவில்லை.

மறுநாள், அவர்களோடு துழாவும் ஷரபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, களத்தில் இறங்கியதுமே காலை அகட்டி நடந்தாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே நடந்தாள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் களம் முழுக்க மாட்டுவண்டி போன தடமாகக் கிடந்தது. அப்படி நடந்தால் தொடை கடுக்கும், துழாவலும் இரட்டிப்பு வேலை. அன்று செல்லக்கிளி அழுதாள். வேர்வை வடியும் முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

ராசப்பனும் அந்தக் களத்திலேயே மயிர் நரைத்தவர், பிள்ளைத்தாச்சியின் சால் எப்படி அகலும் என்று தெரிந்தவர். அவர் முதலாளியிடம் போனார். அடுத்த ஈடு நெல் பரப்பியதும் பெண்களை ஓரமாக நிறுத்தினார்கள். முதலாளி குடையோடு வந்து நின்றார்.

"ஒவ்வொருத்தியா வாங்க. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி. தனித்தனியா நடக்கணும்" என்றார் ராசப்பன்.

ஷரபுன்னிசா அகட்டித்தான் நடந்தாள். "கூத்து வேணாம், ஒழுங்கா நட" என்று ராசப்பன் அதட்டியதும் சால் நேராகிவிட்டது. இருதயமேரிக்கு நிஜமாகவே முட்டி வலி. அவள் சால்தான் இருப்பதிலேயே அகலம். முதலாளி அவளுடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அடுத்தவளை வரச் சொன்னார்.

செல்லக்கிளி இறங்கினாள். தொடைகளை ஒட்ட வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரு பாதத்தை இன்னொன்றின் அருகில் இழுத்தாள். அகன்ற இடுப்பைக் குறுக்கி நடப்பது அடிவயிற்றில் கயிறு போட்டு இழுப்பதுபோல் வலித்தது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பின்னால் பழைய சால் விழுந்தது, அதே நூல். ஓரத்தில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ராசப்பனே ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து, "அடேயப்பா" என்றார்.

பாதிக் களத்தில் அவள் நின்றுவிட்டாள்.

உள்ளே ஏதோ அசைந்தது. வலியில்லை, வாயுவுமில்லை. மீன் குஞ்சு வாலால் தட்டியதுபோல ஒரு தட்டு, உடனே இன்னொன்று. முதல் தடவையாகப் பிள்ளை புரண்டிருக்கிறது. அவளைக் கேட்காமலே அவள் கை வயிற்றுக்குப் போயிற்று. சிரிப்பும் கேட்காமலே வந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது அடுத்த கணம்தான் நினைவுக்கு வந்தது.

கையை அவள் எடுக்கவில்லை. இனி எடுத்து என்ன? இடுப்பைத் தளர்த்திக்கொண்டு, வயிறு கேட்ட அகலத்துக்குக் காலை விட்டு, மீதிக் களத்தையும் முடித்தாள். அவசரப்படவில்லை. வேலையைப் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

ராசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாளையிலேருந்து வர வேணாம்மா. புள்ளத்தாச்சி இந்த வெயில்ல நடக்கலாமா? மொதலாளி ஒன் நல்லதுக்குத்தான் சொல்றாரு."

"வீட்டுக்கும் இந்த வெயில்லதான் மேஸ்திரி நடந்து போவணும்" என்றாள் செல்லக்கிளி.

காலில் ஒட்டிய நெல்லைக் களத்திலேயே தட்டிவிட்டாள். தொளதொளவென்று விட்டிருந்த முந்தானையை இழுத்து, வயிறு தெரிய இறுக்கிச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.

"நெல்லு காயுது, எறங்குங்க!" என்று ராசப்பன் கத்தினார். பெண்கள் இறங்கினார்கள். ஆளுக்கொரு பக்கமாகத் துழாவினார்கள். நடுவில் கிடந்த செல்லக்கிளியின் சாலை மட்டும் யாரும் மிதிக்கவில்லை. பாதிவரை நூலாக வந்து, பிறகு வாய்க்கால்போல் அகன்று, மறு கோடிவரை போயிருந்தது. பொழுது சாய்ந்ததும் பலகை போட்டு நெல்லை வாரிக் குவித்தார்கள். அதுவும் குவியலோடு சேர்ந்து ஆலைக்குள் போயிற்று.