ஒன்பதாவது குழாய்

ஹோல்டர்னெஸ் என்கிற கடலோரச் சீமையின் களிமண்ணைப் பற்றி அந்த ஊரில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வெயிலடித்தால் கல், மழை பெய்தால் பசை. நடுவே, செப்டம்பர் கடைசியில், நாலைந்து நாள் மட்டும் மனசு இரங்கும். அதற்குள் பார்லியை விதைத்துவிட வேண்டும். தவறவிட்டால் வசந்தம் வரைக்கும் டிராக்டர் சக்கரத்தை உள்ளே விடாது. மாட்டுக்குத் தீனியும் இல்லை, வைக்கோலும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா ரோலண்ட் ஸ்கெல்டன் வைக்கோல் போரிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொள்ள வேண்டும்! உழவு மட்டும் முடிந்திருந்தது. மிச்சமெல்லாம் அவன் மனைவி எனிட் தலையில் விழுந்தது.

எனிட்டுக்கு டிராக்டர் புதிதல்ல. ஆனால் விதைப்பு மட்டும் முப்பது வருடமாக ரோலண்டின் தனிச் சொத்து. காரணம் இருக்கிறது. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளாளுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நத்தை வேகத்தில் போவார்கள். அடுத்தவன் வயலை வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஒரு சால் கோணினால் அறுவடை வரைக்கும் அதே பேச்சு. ஸ்கெல்டன் வயலோ, இருபத்தைந்து ஏக்கரும் ரோட்டை ஒட்டியே கிடந்தது.

எனிட் இரண்டு நாள் கட்டி உடைத்தாள். கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வயல் கேட்டருகே நின்று ரோலண்ட் அதிகாரம் பண்ணினான்.

"இன்னொரு தரம் ஓட்டு, எனிட். கட்டி கட்டியா கெடக்கு பாரு."

"கெடக்கட்டும். மாவா அரைச்சுட்டா முதல் மழைக்கே மேல ஓடு மாதிரி இறுகிடும். அப்புறம் முளை எப்படி வெளிய வரும், நீ போய் கதவைத் திறந்து விடுவியா?"

அவள் போனதும் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தான். மேலே சின்னச் சின்னக் கட்டி. அடியில் விரல் போகிற ஆழத்துக்குப் பொலபொலவென்ற மண், லேசான ஈரம். அடடா! முப்பது வருடத்தில் அவன் கைக்கு இந்தப் பதம் வந்ததே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் மனசு வரவில்லை.

விதைக்கிற அன்று, சாயங்காலம் மழை என்று ரேடியோ காலையிலேயே சொல்லிவிட்டது. கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"முதல் சால் நான் போடறேன். அதைப் பிடிச்சுக்கிட்டே நீ போயிடலாம்" என்றான் ரோலண்ட்.

"ஒத்தைக் கையாலயா?"

"எனக்கு ஒத்தைக் கை போதும்."

ரோட்டோரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டினான். டிராக்டருக்குப் பின்னால் விதைக்கும் கருவி, ஒரே சாலில் பல வரிசை விதைத்துக்கொண்டு வந்தது. நேர்தான், குறை சொல்ல முடியாது. ஏதோ கோட்டையைப் பிடித்தவன்போல இறங்கினான்.

எனிட் உடனே ஏறவில்லை. விதைக்கும் கருவிக்குப் பின்னால் குந்தி, சமையலறைக் கத்தியால், விதை இறங்கும் ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால் மண்ணைக் கீறி, விதை விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஓரிடத்தில் கை நின்றது. எழுந்து விதைப்பெட்டியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு எதையோ உருவிக் கோட்டுப் பையில் திணித்தாள்.

"என்னது?"

"குப்பை" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

நாலு சாலுக்கு ஒரு தடவை இறங்கி அதே மாதிரி கீறிப் பார்த்தாள். "மழை வருது! அங்க என்ன புதையலா தேடறே?" என்று ரோலண்ட் கத்தினான். "நீ கேட்டைப் பாத்துக்கோ!" என்று பதில் வந்தது. கடைசி மூலையை முடித்து அவள் திரும்பியபோது முதல் தூறல் விழுந்தது.

சமையலறை மேசைமேல் அந்தக் குப்பையைப் போட்டாள். சாம்பல் நிறக் கந்தல் துணி. ரோலண்ட் கை துடைக்கிற துணி.

"ஒன்பதாவது குழாய் வாயை அடைச்சுக்கிட்டு கெடந்தது. உன் சால்ல ஒரு வரிசை முழுக்க விதையே விழல."

"அப்பவே சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா திரும்பப் போட்டே தீருவேன்னு மல்லுக்கு நிப்பே. கடைசி அஞ்சு ஏக்கர் மழையில போயிருக்கும்."

அவன் துணியைப் புரட்டிப் பார்த்தான். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். துணியை அவள் மறுபடி எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் வயல் பச்சை கட்டியது. எங்கேயும் திட்டு இல்லை, கோணல் இல்லை. ரோட்டோரத்தில் மட்டும், வகிடு எடுத்தமாதிரி ஒரு வெற்று வரிசை.

வெள்ளிக்கிழமை மதுக்கடையில் நார்மன் பிக்கரிங் ஆரம்பித்தான். நாலு தலைமுறையாகப் பக்கத்து வயல்காரன், வாய் மட்டும் நாற்பது ஏக்கர்.

"என்னம்மா எனிட், முதல் சாலுலயே தூங்கிட்டியா? இல்ல, எலி நடக்கப் பாதை விட்டிருக்கியா?"

கடை குலுங்கிச் சிரித்தது. எனிட் தன் கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கணவன் பக்கம் திரும்பவே இல்லை. ரோலண்ட் கிளாஸைக் கீழே வைத்தான். முப்பது வருடப் பெயர். பேசாமல் இருந்தால் பத்திரமாக இருக்கும், பழி அவளோடு போய்விடும். அந்த வயலில் அவள் குனிந்து குனிந்து மண்ணைக் கீறியது கண்முன் வந்து நின்றது.

எழுந்தான்.

"அந்த வரிசை என்னுது, நார்மன். கந்தலைப் பெட்டிக்குள்ள விட்டுட்டு ஓட்டின மடையன் நான்தான். மிச்ச வயல் முழுக்க இவ போட்டது. இங்க எவன் வயலாவது அந்த மாதிரி முளைச்சிருக்கா? சொல்லுங்கடா பாப்போம். என்னுது முளைச்சதில்ல, இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட."

யாரும் சிரிக்கவில்லை. நார்மன் மட்டும், "அப்போ அடுத்த வருஷம்?" என்றான்.

"அவ விதைப்பா. நான் கேட்டைப் பாத்துக்குவேன்."

உட்கார்ந்தபோது நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. எனிட் கைப்பையைத் திறந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். சாம்பல் நிறம். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தது.

"இதை எதுக்கு இங்க கொண்டு வந்தே?"

"நீ எழுந்திருக்கலைன்னா மேசைமேல வைக்கலாம்னு" என்றாள் எனிட். "இந்தா, மூஞ்சியைத் தொடை."