கொம்பும் காலும்

நூற்றறுபது சீருடைச் சட்டைகள். பள்ளி மேலாளர் கொடுத்த கெடு ஒரு மாதம். தைத்துவிடலாம். ஆனால் துணியின் ஓரம் பிரியாமல் அடிக்க ஓவர்லாக் மிஷின் வேண்டும். தையலக்காவிடம் அது இல்லை.

"ஒரு நூல் தொங்கினாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவேன்" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

மிஷினுக்கு வங்கிக் கடன் உண்டு. கடனுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மகளிர் தொழில் முனைவோர் மையத்தில் ஐந்து நாள் பயிற்சி. போனாள்.

நேர மேலாண்மை வகுப்பு ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பயிற்சியாளர் முனைவர் பட்டம் பெற்றவர். பலகையில் மூன்று வட்டங்கள் போட்டு அவற்றை அம்புக்குறியால் இணைத்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன் சார்?"

அவர் யோசித்தார். "நீங்க அம்புக்குறிம்மா."

கூடத்தின் மூலையில் புத்தம் புதிய ஓவர்லாக் மிஷின் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் நின்றது. தையலக்கா அருகில் போனதும் மைய அதிகாரி ஓடி வந்தார்.

"கை வைக்காதீங்கம்மா. அது பயிற்சிக்கு வாங்கினது."

"நாங்க பயிற்சிக்குத்தானே வந்திருக்கோம்?"

"நீங்க பயனாளி. பயிற்சியாளர்தான் தொடலாம்."

பயிற்சியாளருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

ஆறாம் நாள் சான்றிதழோடு வங்கிக்குப் போனாள். கடன் பிரிவுப் பெண் விவரங்களைக் கணினியில் ஏற்றினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்க டாக்டரா மேடம்?"

"டெய்லர்."

"முனைவர்னு போட்டிருக்கே. பட்டம்னு பதிஞ்சுட்டேன். இந்தக் கடன் பன்னிரண்டாவதுக்கு மேல படிக்காதவங்களுக்குத்தான்."

"நான் எட்டாவதும்மா."

இருவரும் தாளைப் பார்த்தார்கள். 'தொழில் முனைவோர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தொழில் முனைவர்' என்று இருந்தது. ஒரு கொம்பும் ஒரு காலும் அச்சில் விழவில்லை.

"அடிச்சிடுங்களேன்."

"பதியத்தான் எனக்கு அனுமதி. அடிக்கிறதெல்லாம் மேலிடம்."

வீட்டில் நாத்தனார் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "கடன் வந்துச்சா அண்ணி?"

"பட்டம் வந்திருக்கு."

நாத்தனார் முழுக் கதையையும் கேட்டு முடித்தாள். "இனிமே உங்களைக் கையில பிடிக்க முடியாது. கொம்பு முளைச்சிடும்."

"கொம்பு போனதாலதான்டி இந்த வினையே."

மறுநாள் மைய அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். முப்பது சான்றிதழிலும் அதே பிழை.

"மத்த இருபத்தொன்பது பேரும் பேசாம சட்டம் போட்டு மாட்டிட்டாங்க. நீங்கதான் கொண்டுபோய் நீட்டியிருக்கீங்க."

"நீட்டத்தானே சார் கொடுத்தீங்க?"

திருத்த மூன்று மாதம் ஆகும் என்றார்.

கெடுவுக்குப் பத்து நாள் இருந்தபோது சட்டைகள் எல்லாம் தைத்து முடிந்திருந்தன. ஓரங்கள் மட்டும் பிரிந்து கிடந்தன. அன்று மைய அதிகாரி வீடு தேடி வந்தார். கையில் மேலிடத்து உத்தரவு. பழைய பயிற்சியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்த பயிற்சியையும் ஒரு முனைவர்தான் நடத்த வேண்டும். வங்கியில் பதிந்த விவரங்களை மேலிடத்துக் கணினி அலசியது. இந்தப் பகுதியில் ஒரே ஒரு முனைவர் அகப்பட்டார்.

"என்னால மறுக்க முடியாது மேடம். நீங்கதான் பாடம் எடுக்கணும்."

போன தடவை வரை அவள் அவருக்கு வெறும் 'அம்மா'.

"பயிற்சியாளர் மிஷினைத் தொடலாம்தானே சார்?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை உறையைத் தானே கழற்றி, மடித்து, அதிகாரி கையில் கொடுத்தாள். முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் நூற்றறுபது சட்டைகள்.

"இன்னிக்குப் பாடம் ஓரம். ஆளுக்கொரு முறை மிஷின்ல உட்காரணும். சட்டைக்கு இவ்வளவுன்னு கூலி உண்டு."

அந்தக் கூடத்தில் கூலி என்ற சொல் அதுவரை பலகையில்கூட எழுதப்பட்டதில்லை. கடைசி வரிசையில் துணிப்பை தைக்கும் பெண் ஒருத்தி, எல்லாருக்கும் முன்னால் எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

முடிந்த சட்டைகளைப் பலகையில் இன்னும் அழிக்கப்படாத மூன்று வட்டங்களின் மேல் மாட்டினார்கள். அதிகாரி படம் எடுத்து, 'செயல்முறைப் பயிற்சி' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பாராட்டு வந்தது.

நான்காம் நாள் சட்டைகள் பள்ளிக்குப் போயின. மேலாளர் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு நூல் தேடினார். கிடைக்கவில்லை. கொஞ்சம் வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் அதிகாரி சான்றிதழ் மாதிரியைக் காட்டினார். "இந்தத் தடவை பிழையே இல்லை மேடம். கொம்பு, கால் எல்லாம் போட்டாச்சு."

மிஷினுக்கு மறுபடி உறை மாட்டியிருந்தார்கள்.

"அச்சுக்குப் போயிடுச்சா சார்?"

"நாளைக்குத்தான்."

தையலக்கா கடைசி வரிசையைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்கு மட்டும் பழையபடியே விட்டுடுங்க. முந்நூறு பை ஆர்டர் வந்திருக்காம்."