முதுகு காட்டிய அடுக்குகள்

விடிவதற்கு முன்பே கடைக்குள் அட்டைப்பெட்டி கிழிபடும் சத்தம் தொடங்கிவிடும். கதவு திறப்பதற்குள் ஒவ்வொரு பொருளும் அடுக்கின் விளிம்புக்கு வந்து, பெயர் தெரிய முகம் காட்டி நிற்க வேண்டும். பின்னால் காலியாக இருந்தாலும் முன்வரிசையில் இடைவெளி தெரியக் கூடாது.

அங்கே ஆட்களுக்கும் அடுக்கின் பெயர்தான். சோப்பு வரிசையைப் பார்க்கும் அவள் பெயர் சோப்பு. எதிர் வரிசையில் பிஸ்கட் அண்ணன். வாசலுக்கு நேரே எண்ணெய் அக்கா. பழக்கதோஷத்தில் சோப்பு வீட்டிலும் டப்பாக்களை முகம் பார்த்துத் திருப்பி வைப்பாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்றும் எண்ணெய் அக்கா வரவில்லை.

முந்தாநாள் முதலாளி ஒரு படம் கொண்டுவந்தார். வாசலில் எண்ணெய் டின்கள் ஏழு தட்டுக் கோபுரமாக நிற்க வேண்டும். உள்ளே வருகிறவர்கள் கண் வேறெங்கும் போகக் கூடாது. நாலு தட்டுக்கு மேல் நிற்காது என்று அக்கா இரண்டு முறை சொன்னாள். ஏழையும் அடுக்கிவிட்டு இறங்கும்போது கோபுரம் சரிந்தது. பாதத்தில் எலும்பு முறிவு. வழுக்கும் எண்ணெயில் முழங்கால் போட்டுத்தான் அவளைத் தூக்கினார்கள்.

நேற்று மாலை முதலாளி சோப்பிடம் ஒரு தாளை நீட்டினார். அக்காவின் கவனக்குறைவுதான் காரணம் என்று அதில் இருந்தது. சாட்சிக் கையெழுத்து விழுந்தால் அக்காவுக்கு வேலை இல்லை. காலை வரை யோசிக்கச் சொன்னார்.

"கையெழுத்து போடப் போறியா?" என்றார் பிஸ்கட் அண்ணன், இன்று காலை அடுக்கும்போது.

"இல்லண்ணே."

"உன்னையும் வீட்டுக்கு அனுப்பிருவாரு."

அவள் கையிலிருந்த சோப்பை முகம் சுவர்ப்பக்கம் போகத் திருப்பி வைத்தாள். அடுத்ததையும். அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு தன் வரிசைக்குப் போய் பிஸ்கட்டுகளைத் திருப்பத் தொடங்கினார். தேயிலை வரிசையிலும் சரசரப்பு கேட்டது.

முதலாளி வந்தபோது கடை முழுக்கப் பின்பக்கத்துப் பொடி எழுத்துகள்தான். எது என்னவென்று தெரியவில்லை.

"என்னம்மா இது, கண்ணாமூச்சியா?"

"எல்லாம் அடுக்கியாச்சு சார். ஒண்ணும் குறையல."

"பேரு தெரியலன்னா எவன் வாங்குவான்? பொருள்தான் பேசணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நாலு தட்டுன்னு அக்காவும் ரெண்டு தடவை சொன்னாங்க சார். அதையும் தாள்ல எழுதுங்க. எல்லாருமே கையெழுத்து போடறோம்."

"உங்களை மாத்த எனக்கு அரை நாள் போதும்."

"எது எங்கன்னு புது ஆளுக்கு யாரு சொல்லித் தருவா சார்?" என்றார் பிஸ்கட் அண்ணன்.

கதவுக்கு வெளியே வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலாளி தாமே ஒரு பொட்டலத்தைத் திருப்பினார். இன்னொன்றையும். திருப்ப வேண்டிய வரிசை நீண்டு கிடந்தது.

சோப்பு கதவுக்கு நேரே போய் நின்றாள். பிஸ்கட் அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். தேயிலை வந்தாள். ஒவ்வொருவராக வந்து கதவைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் காலியாகவே விட்டார்கள்.