வலப் பக்கம்

மேஜர் லயனல் ப்ராசரின் கோட்டில் வலப் பக்கம் குத்தியிருந்த வெள்ளிச் சிலுவையை பாஸ்க் கழற்றிக்கொண்டிருந்தார். சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் மேஜரின் ஒரே மகள் வெரிட்டி.

"முப்பது வருஷமா இந்த ஊர்ல சாவுக் காரியம் பண்றீங்க மிஸ்டர் பாஸ்க். பதக்கத்தை எந்தப் பக்கம் குத்தறதுன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம். மேஜர் எழுதிக் குடுத்த சீட்டுல வலப் பக்கம்னு இருக்கு. ரெண்டு தடவை கேட்டேன். 'உமக்குப் படிக்கத் தெரியும்ல'ன்னாரு."

"மருந்து மயக்கத்துல எழுதியிருப்பாரு. மாத்துங்க."

மற்ற பதக்கங்கள் ஒரே பட்டையில் இடப் பக்கம் வரிசையாக இருந்தன. பாஸ்க் சிலுவையையும் அவற்றுக்கு மேலே குத்திவிட்டு நகர்ந்துகொண்டார்.

சண்டையில் சம்பாதித்தவன் இடப் பக்கம் குத்துவான். அவன் செத்த பிறகு, நவம்பரில் வரும் போர் நினைவு நாளில் அவன் குடும்பத்தார் வலப் பக்கம் குத்திக்கொள்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. பத்தரைக்கு ரெஜிமென்ட்காரர்கள் முகம் பார்க்க வருகிறார்கள், கர்னல் உட்பட. எவனுடைய பதக்கத்தையோ இரவல் வாங்கிக்கொண்டு படுத்திருப்பது போலவா அப்பாவைக் காட்டுவது?

அப்பா போய் ஐந்து நாளாகிறது. வெரிட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கார்களை எங்கே நிறுத்துவது, வருகிறவர்களுக்கு ஷெர்ரி ஒயின் போதுமா என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

சமையலறையில் அம்மா மியூரியல் சாண்ட்விச்சுகளின் ஓரத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்க் சிலுவையை வலப் பக்கம் குத்திட்டாரும்மா. நல்லவேளை, நான் பாத்தேன். சரி பண்ணியாச்சு."

கத்தி நின்றது. "மாத்திட்டியா?"

"பின்ன?"

மியூரியல் கத்தியைத் துடைத்து வைத்தாள். "கொரியாச் சண்டையில அந்தக் குன்னு மேல உங்கப்பா கால்ல குண்டு பட்டுக் கிடந்தாரு. கார்ப்பரல் பெட்டோஸ்னு ஒருத்தன்தான் நாலு மணி நேரம் தனியா சுட்டுத் தாக்குப் பிடிச்சான். உதவி வர்றதுக்குள்ள செத்துட்டான். உங்கப்பா அவனுக்குப் பதக்கம் கேட்டு எழுதினாரு. செத்தவனுக்கு அந்தப் பதக்கம் கிடையாதுன்னு பதில் வந்துச்சு. அப்ப அதான் சட்டம். அதே சண்டைக்கு இவருக்கு இந்தச் சிலுவை வந்துச்சு."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"பன்னெண்டு வயசுல 'என் அப்பாவின் சிலுவை'ன்னு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிட்டு வந்து நின்னியே. அதுக்கப்புறம் அவருக்கு வாய் வரல."

வெரிட்டிக்குக் காது சுட்டது. அந்தக் கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்ததும், அப்பா எழுந்து நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனதும் ஞாபகத்துக்கு வந்தன.

"பெட்டோஸுக்குன்னு யாரும் இல்லையாம்மா?"

"அநாதை விடுதியில வளர்ந்தவன். அவனுக்காகக் குத்திக்க ஒரு நாதி இல்ல."

"கர்னல் பாத்தா என்ன நினைப்பாரு?"

"நினைச்சுட்டுப் போறாரு. நாப்பத்தி மூணு வருஷம் இவங்களுக்காக இடப் பக்கம் குத்தியாச்சு. போதாதா?"

வெளியே சரளைக் கல்லில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வெரிட்டி முன்னறைக்கு நடந்தாள். பாஸ்க் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். சிலுவையை அவளே கழற்றினாள். வெள்ளையும் ஊதாவுமான நாடா கசங்காமல் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, வலப் பக்கம் குனிந்தாள்.

கருநீலத் துணியில் அங்கே துளைகள் இருந்தன. பாஸ்க் குத்திய ஒன்று மட்டுமல்ல. பூச்சி அரித்தது போல, ஒரே இடத்தில், நாற்பதுக்குக் குறையாத துளைகள்.

"அம்மா, இங்க வந்து பாரு."

மியூரியல் ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

"ஒவ்வொரு நவம்பரும் ஊர்வலத்துக்குப் போறதுக்கு முன்னாடி கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் கண்ணாடி முன்னால நிப்பாரு," என்றாள். "டை கட்டறாருன்னு நினைச்சேன்."

வாசல் மணி அடித்தது. வெரிட்டி ஒரு துளையில் ஊசியை வைத்தாள். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை.