முதுகுசாமிக்கு வைத்த முகம்

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் போனவர்கள் எங்கள் முதுகுசாமியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஏரிக்கரையில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரிய சுடுமண் சிலை. எந்த ராஜா காலத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பொங்கல் வைப்பது, மாலை சாத்துவது, அழுவது எல்லாமே முதுகுக்குத்தான். முன்பக்கம் போய் முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை. மீன் பிடிக்கிறவர்கள்கூட அந்த இடத்தைத் தலைகுனிந்துதான் கடப்பார்கள்.

அறுபத்தெட்டில் வெண்முத்து பீங்கான் கம்பெனிக்கு மெட்ராஸிலிருந்து ஜெயராஜ் என்று ஒரு மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில் சாமியையே கம்பெனி கணக்கில் சேர்த்துவிட்டார். சுற்றிலும் டைல்ஸ் பதித்து, ‘வெண்முத்து ராஜா’ என்று பெயர் மாற்றி, கப்பு, சாஸர் எல்லாவற்றிலும் அவர் படத்தைப் போடப்போகிறார்களாம். அச்சுப் பிரிவில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் உலகநாதனைக் கூப்பிட்டனுப்பினார்.

“முதுகைப் பார்த்து எவன்யா கப்பு வாங்குவான்? முன்னாடி மூஞ்சி இருக்கும்ல, அதை அச்சு எடு. பீங்கான்ல ஊத்தி பின்தலையில ஒட்டு. ராஜா ரோட்டைப் பார்த்துச் சிரிக்கணும்.”

நல்ல வெயில் நேரத்தில் இரண்டு பேரும் போனோம். நான் அச்சு எடுக்கிற பாரிஸ் சாந்து வாளியோடு ரோட்டில் நின்றேன். அவர் இடது பக்கமாக இறங்கிப் போனார். வலது பக்கமாக ஏறி வந்தார். மறுபடி ஒரு சுற்றுப் போனார். வரும்போது முகம் வெளுத்திருந்தது.

“அந்தப் பக்கமும் முதுகுதான் சிவகாமி.”

“என்னங்க சொல்றீங்க?”

“எந்தப் பக்கம் நின்னாலும் முதுகுதான் தெரியுது.”

மேனேஜரிடம் சொல்லுங்கள் என்றேன். முகம் இல்லை என்று சொன்னால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்றார். வீட்டுக்கு வந்து மூச்சு விட மூக்கில் இரண்டு குழாயைச் செருகிக்கொண்டு கட்டிலில் படுத்தார். சாந்தை முகத்தில் ஊற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். தானே அள்ளி அப்பிக்கொண்டார், பிடிவாதக்காரர்.

அச்சில் வந்த முகத்துக்குக் கண் மூடியிருந்தது. எங்கள் குயவர் வீடுகளில் எந்தச் சிலையையும் கண் மூடியேதான் சுடுவோம். கண் திறப்பது சாமி உட்காரும் இடத்தில், எதிரே கண்ணாடி பிடித்துத்தான். ஏனென்றால் முதல் பார்வை யார் மேல் விழுகிறதோ, அவரிடமிருந்து அது எதையாவது எடுத்துக்கொள்ளும். ஜெயராஜுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? “இங்கேயே தொறய்யா” என்று மேஜையைத் தட்டினார். இவரும் கம்பெனியிலேயே, கண்ணாடி இல்லாமல், நேருக்கு நேர் உட்கார்ந்து கண்ணைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கோபம் போல என்று விட்டுவிட்டேன். சோறு வைக்கச் சுற்றிப் போனேன். அங்கேயும் முதுகு. சுவருக்கும் அவருக்கும் நடுவில் நுழைந்து பார்த்தேன். பிடரி, சட்டைக் காலர், தோள்பட்டை.

“என்னாடி சுத்தி சுத்தி வர?” என்றது அவர் குரல். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வைத்த சோறு தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்று நான் பார்க்கவில்லை.

மறுநாளும் வேலைக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். கம்பெனியில் ஒருவரும் கவனிக்கவில்லை. தொழிலாளி முகத்தை அங்கே யார் பார்க்கிறார்கள்?

திறப்பு விழாவில் திரை விலகியது. என் வீட்டுக்காரர் முகம் வெள்ளை வெளேரென்று ரோட்டைப் பார்த்துச் சிரித்தது. ஊர் கைதட்டியது. அதற்குப் பிறகு புருஷன் முகம் பார்க்க வேண்டுமென்றால் நான் ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும். எதிரே டீக்கடை வைத்திருந்த ஷபியுல்லா பாய் மட்டும் கேட்டார்:

“அக்கா, இவரு மழையில நனையும்போது நம்ம உலகநாதன் அண்ணன் மாதிரியே இருக்குறாரே?”

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எழுபத்தொன்றில் ஜெயராஜ் போய்ப் புது மேனேஜர் வந்தார். அவருக்கு ராஜா பிடிக்கவில்லை. சிரிக்கிற டீ கப்புதான் இனிமேல் கம்பெனி அடையாளமாம். ராஜா முகத்தை உடைக்க ஆள் வந்திருக்கிறது என்று பாய் சொல்லி அனுப்பினார். முகம் உடைந்தால் அவர் என்ன ஆவாரோ என்று ஓடினேன். ஏணி மேல் ஒருவன் கடப்பாறையை நெம்பிக்கொண்டிருந்தான்.

“தள்ளும்மா, மேல வுழும்!”

“வுழட்டும்” என்று முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகம் வந்து விழுந்த கனத்தில் குப்புற விழுந்தேன். முட்டித் தோல் பெயர்ந்தது. பீங்கான் முகத்தில் கீறல்கூட இல்லை.

பிள்ளையைத் தூக்குவது போல வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அவர் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளுக்கு மேலாக நீட்டினேன்.

“இந்தாங்க, வாங்கிக்குங்க.”

கை பின்னால் வந்து வாங்கியது. விரல்கள் நெற்றியில் ஆரம்பித்து மூக்கு, உதடு என்று நிதானமாக இறங்கின. தாடைத் தழும்பில் கொஞ்சம் நின்றன. கல்யாணமான வருஷம் சூளைக் கம்பி சுட்ட தழும்பு அது. மருந்து போட்டவள் நான்.

“நல்லா செஞ்சிருக்குறாங்க” என்றார். “யாரு மூஞ்சி சிவகாமி இது?”