கெசியாவின் மூக்கு

துடியலூரில் கிளமென்ட்டின் ஸ்டுடியோவில் படம் எடுத்த எந்தக் கல்யாணப் பெண்ணும் ஆல்பத்தில் கறுப்பாக இருந்ததில்லை. அந்தப் புண்ணியம் முழுக்க அவர் மனைவி கெசியாவுக்கு. அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் பரு போகும், தழும்பு போகும், தொங்கும் தாடை ஏறிக்கொள்ளும். "உள்ளபடியே இருக்கட்டுமுங்க" என்று யாராவது கெஞ்சினாலும் அவள் கை சும்மா இருக்காது.

அவர்கள் போகும் சர்ச் சபை வெளியிடும் குடும்ப மலருக்கு எல்லார் வீட்டுப் படத்தையும் முடித்துவிட்டாள். தங்கள் வீட்டுப் படம்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

படத்தில் தன் முகத்தைப் பார்த்ததும் பழைய எரிச்சல் வந்தது. அகல மூக்கு. பள்ளிக்கூடத்தில் அவளை "பஜ்ஜி" என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாகியும் அது காதை விட்டுப் போகவில்லை. இரண்டே நிமிஷத்தில் மூக்கை ஒடுக்கினாள். அப்பாடா என்றிருந்தது.

ஆறாவது படிக்கும் மகள் சாரா பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, உன்ற மூக்கு எங்க?"

"சரி பண்ணிப்போட்டேன் கண்ணு. அசிங்கமா இருந்துச்சு."

சாரா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்ப என்றதையும் சரி பண்ணிரும்மா. ரெண்டும் ஒண்ணுதான?"

சாரா பிறந்த அன்று கெசியா முதலில் முத்தமிட்டதே அந்த மூக்கைத்தான். அது அழகு என்று சொல்ல வாயெடுத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? இப்போதுதானே அசிங்கம் என்றாள்.

செய்ததை அழித்தாள். பழைய மூக்கு வந்து உட்கார்ந்தது. மூக்கை ஒடுக்கியதில் மாறிப்போயிருந்த சிரிப்பும் கூடவே படத்தில் திரும்பி வந்தது. அவள் சிரித்தால் மூக்கும் சேர்ந்து விரியும் என்பதை இன்றுதான் கவனித்தாள். நல்ல சிரிப்பாகவே இருந்தது. மூக்கு ஒடுங்கட்டும் என்று துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு வலியில் அழுத அந்தப் பள்ளிக்கூடத்துக் கெசியாவை நினைத்தபோது, முதல் தடவையாகக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

"உன்னுதுல ஒண்ணுமே பண்ணலையா கெசியா?" கிளமென்ட் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க. எனக்கு இதே புடிச்சிருக்குதுங்க. அனுப்பிருங்க."

சாரா அம்மாவின் மூக்கை நறுக்கென்று கிள்ளிவிட்டு ஓடினாள். வலித்தது. கெசியா மூக்கைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.